பதின்மூன்று ஃபைலில் ஓர் உடம்பு

நாமக்கல் பைபாஸில் கோகிலவாணியிடம் ஃபைல் கொடுத்துவிட்டால் செத்தவனுக்குக்கூடத் தகுதிச் சான்று வாங்கிக் கொடுத்துவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சுதான். செத்தவன் எவனும் அவளிடம் வந்ததில்லை. பாதி செத்தவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

சரக்கு லாரிகள் தானாக ஓடக் கற்றுக்கொண்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. சிமெண்ட், முட்டை, கோழித் தீவனம், எதற்கும் ஆள் வேண்டாம். கேஸ் டேங்கருக்கு மட்டும் மனிதன் ஒருவன் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் பிடித்து உள்ளே போட ஓர் ஆள் வேண்டாமா என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பு ஒருபக்கம் இருக்க, அந்த டேங்கர் சீட்டை விட்டால் இந்த ஊரில் டிரைவருக்கு வேறு சீட்டு கிடையாது. அதனால்தான் வருடாவருடம் வரும் உடல்தகுதித் தேர்வென்றால் பெரிய மீசைக்காரனும் குலசாமிக்கு நேர்ந்துகொள்வான்.

தேர்வென்றால் முன்னே மாதிரி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதில்லை. ஃபைல்தான் தேர்வு. கண் சோதனைச் சீட்டு, காது சோதனை, நெஞ்சுப்படம், மூன்று மாத ரத்த அழுத்தக் கணக்கு, எப்போதோ குடல்வால் எடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தகுதி மையத்தில் கொடுக்கவேண்டும். அங்கே இருக்கும் கணினிக்கு ஊர் வைத்த பெயர் பொட்டி. பொட்டி ஃபைலைப் படித்துப் பச்சையோ சிவப்போ காட்டும். சிவப்பென்றால் ஆறு மாதம் வண்டியை விட்டு இறங்கவேண்டும்.

அந்த ஃபைலை அடுக்கிக் கொடுப்பதுதான் கோகிலவாணியின் தொழில். நாற்பத்தேழு வயது. பதினோரு வருட அனுபவம். எந்தச் சீட்டை மேலே வைக்கவேண்டும், எதைக் கீழே வைக்கவேண்டும், எதை வைக்கவே கூடாது என்று அவளுக்கு மனப்பாடம். டிரைவருக்கு பிரஷர் மாத்திரையா? மனைவி பெயரில் வாங்கிக்கொள் என்பாள். இப்படியே போய், நாமக்கல்லில் பாதிப் பெண்களுக்கு பிரஷர் என்று அரசாங்கமே நம்பிக்கொண்டிருந்தது. கொடுமையைப் பாருங்கள்!

எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், ரத்த அட்டையைத்தான் சமாளிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிரைவரும் விரலில் குத்தி ஒரு சொட்டை அட்டையில் வைத்து, உலர்த்தி, ஃபைலோடு அனுப்பவேண்டும். நேற்றுக் குடித்தது, போன மாதம் போட்ட தூக்கம் கெடுக்கும் மாத்திரை, சர்க்கரை, கொழுப்பு, அத்தனையையும் அந்த ஒரு சொட்டு சொல்லிவிடும். இது யார் ரத்தம் என்று மட்டும் சொல்லாது. பரம்பரைக் கூறுகளைப் படித்து ஆளை அடையாளம் காணக்கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. நம்மாட்களுக்கு அந்தச் சந்து போதாதா?

கோகிலாவின் கணவன் ஜெகநாதனும் டேங்கர் டிரைவர்தான். டீ உண்டு, வேறொரு பழக்கமும் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவனோடு மங்களூர் லைன் ஓட்டும் பூபதிக்கு அட்டை சிவப்பாகும் என்று தெரிந்தபோது, “எஞ் சொட்டு ஒண்ணு வெச்சுக்கோ, என்ன கொறஞ்சா போயிரும்?” என்று கொடுத்தான். பச்சை. அடுத்த முறை நான்கு பேர் வந்தார்கள். அப்புறம் எட்டு. அவனோடு சேர்த்துப் பதின்மூன்றில் வந்து நின்றது. மூன்று மாதத்துக்குப் பதின்மூன்று வாரம், வாரம் ஒரு அட்டை என்று ஜெகநாதனே முறை வைத்துக்கொண்டான். அவன் கொடுக்கும் அட்டையில் பெயர் எழுதி, முத்திரை வைத்து, அந்தந்த ஃபைலில் சேர்ப்பது கோகிலா. தங்க ரத்தம் என்று டிரைவர் சங்கத்தில் அவனுக்குப் பெயர். அதைக் கேட்டால் கோகிலாவுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முடிந்தது.

தகுதி மையத்தின் டாக்டர் பிலோமினா அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண்டிப்பான மனுஷி. அதற்காக யார் சோற்றிலும் மண் போடுகிறவர் இல்லை. அவர் மேசையில் பதின்மூன்று ஃபைல்கள் வரிசையாக இருந்தன. முதல் ஃபைலின் மேல் பெயரைப் பார்த்ததுமே மற்ற பன்னிரண்டும் யாருடையவை என்று கோகிலாவுக்குத் தெரிந்துவிட்டது.

“உக்காருங்க கோகிலா. போன மாசம் பொட்டிக்குப் புது அறிவு ஏத்தினாங்க, தெரியுமா?”

“கேள்விப்பட்டனுங்க டாக்டர்.”

“முன்னெல்லாம் ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாத்தான் படிக்கும். இப்ப எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்குது. ஒரு உடம்பு வாரா வாரம் எப்படி மாறுதுன்னு அதுக்குத் தெரியும். சளி பிடிச்சா ஒரு மாதிரி ஏறும், வெயில் காலத்துல ஒரு மாதிரி இறங்கும். அது நம்ம நடை மாதிரி, ஒருத்தருக்கு இருக்கிறது இன்னொருத்தருக்கு இருக்காது.” டாக்டர் ஃபைல்கள் மேல் கையை வைத்தார். “நாலு வருஷமா இந்தப் பதிமூணு பேரும் ஒரே உடம்புன்னு சொல்லுது.”

கோகிலா வாயைத் திறந்தாள்.

“மறுக்காதீங்க. நான் போலீஸைக் கூப்பிடறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? உங்க ஏஜென்ட் லைசென்ஸ் போகும், அது வேற. இப்ப அதவிடப் பெரிய விஷயம் இருக்கு.” டாக்டரின் குரல் இறங்கியது. “அந்த ஒரு உடம்பு நல்லா இல்ல.”

“என்னுங்க?”

“தனித்தனியாப் பாத்தா ஒவ்வொரு அட்டையும் பச்சை. எல்லையைத் தாண்டவே இல்ல. இருநூத்தி எட்டுச் சொட்டையும் ஒரே கோடாப் போட்டதும்தான் தெரியுது. நாலஞ்சு பொருள் கொஞ்சங் கொஞ்சமா ஏறிட்டே வந்திருக்கு. உள்ள கட்டி வளருதுன்னு பொட்டி சொல்லுது. நூத்துக்குத் தொண்ணூத்தாறு உறுதி.”

கோகிலாவுக்கு முதலில் அந்தச் சொல் விளங்கவே இல்லை. விளங்கியதும் காதுக்குள் டேங்கர் காற்றை விட்டதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது. ஐயோ, என் மாமாவா! காலையில் நான்கு இட்லி தின்றுவிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன மனுஷனா!

“எங்க இருக்குதுங்க கட்டி? எங்கயாச்சும் பெரிய ஆஸ்பத்திரில காட்டினா…”

“எங்கன்னு பொட்டிக்குத் தெரியும். எனக்குச் சொல்லாது. வண்டி ஓட்டத் தகுதியா இல்லையான்னு மட்டும்தான் இங்க நான் பாக்கலாம், மத்த பக்கமெல்லாம் பூட்டு. இப்ப வெளிய போய் ஒருதடவை ரத்தம் குடுத்தா எல்லாம் நார்மல்னுதான் வரும். படம் எடுத்தாலும் எங்க தேடறதுன்னு தெரியாம நாள் ஓடிரும்.”

“பூட்டத் தொறக்கறதுக்கு என்ன பண்ணோணும்? சொல்லுங்க டாக்டர், என்ன வேணா பண்றேன்.”

“பதிமூணு பேரும் ‘இது என் ரத்தம் இல்லை’ன்னு கையெழுத்துப் போடணும். யாருது இல்லைன்னு ஆயிட்டா அது நோயாளியோட ஃபைல் ஆயிரும், திறந்துக்கும். போட்ட அத்தனை பேருக்கும் ஆறு மாசம் தடை. அப்புறம் அவங்கவங்க சொந்தச் சொட்டுல பாஸ் ஆகணும்.” டாக்டர் ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினார். “ஒருத்தர் போடலைன்னாலும் திறக்காது.”

பதின்மூன்று பேர். அதில் ஏழு பேருக்குச் சர்க்கரை என்பது கோகிலாவுக்குத் தெரியும், இரண்டு பேர் குடிக்காமல் தூங்கமாட்டார்கள். சொந்தச் சொட்டு வைத்தால் அவர்களுக்கு ஆறு மாதத் தடை ஆயுள் தடையாகிவிடும். அவர்களிடம் போய் என்னவென்று கேட்பது? அவள் வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் யாரோ பின்னால் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

ஜெகநாதன் வீட்டு வாசலில் குனிந்து பைக் கழுவிக்கொண்டிருந்தான். அன்றைக்கு லோடு இல்லை. கோகிலா அவன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டாள். ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

அவன் கேட்ட முதல் கேள்வி, “எத்தன வருசத்துக் கோடுன்னாங்க?”

“நாலு வருசம்.”

“நல்லாக் கேட்டியா? நாலா, ஆறா?”

“நாலுங்கறேன்! நாலா இருந்தா என்ன, ஆறா இருந்தா என்ன மாமா? கட்டிங்கறாங்க!”

ஜெகநாதன் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிற்று. கீழே உட்கார்ந்தபடி அவளை அண்ணாந்து பார்த்தான். முகத்தை, வயிற்றை, காலை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். சாவு என்று காதில் விழுந்த மனுஷன் பெண்டாட்டியை இப்படித்தான் பார்ப்பான்போல என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

“உனக்கு…” என்று ஆரம்பித்தான்.

“எனக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?”

இந்த நேரத்தில் இந்தக் கேள்வியா! அவள் அவன் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அழுது முடித்து அவள் நிமிர்ந்தபோது ஜெகநாதன் சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். “சங்கத்துக்குப் போறேன். எல்லாத்தையும் வரச் சொல்றேன். நாளைக்குள்ள கையெழுத்து வாங்கிப்போடணும்” என்றான். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனான்.

அன்று அவன் ஒரு வாய் சோறு இறக்கவில்லை. கோகிலா ரசம் வைத்தாள், கஞ்சி வைத்தாள், உப்பில்லாமல் கீரை கடைந்தாள். எல்லாவற்றையும் அவள் பக்கமே தள்ளித் தள்ளி, “நீ சாப்புடு அம்மிணி, நீ சாப்புடு” என்றான். உயிர் போகிற வேளையிலும் தன்னை நினைக்கிறானே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் மதியம் டேங்கர் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த சங்கக் கொட்டகையில் பதினொரு பேர் கூடினார்கள். வண்டியோடு கொச்சியில் மாட்டிக்கொண்ட சாதிக் மட்டும் விஷயத்தைக் கேட்ட கையோடு கையெழுத்தை அனுப்பிவிட்டான். மற்றவர்களுக்குக் கோகிலாதான் எழுந்து நின்று சொன்னாள். ஃபைலுக்குச் சீட்டு கொண்டு வா, அதைக் கொண்டு வா என்று இதே ஆட்களை அதட்டி வேலை வாங்கிய வாய், அன்று குழறியது.

முதலில் பூபதி எழுந்தான். அறுபதை நெருங்கியவன். சர்க்கரையில் ஒரு கால்விரலை எடுத்தாகிவிட்டது. “இதுல ரோசன பண்றதுக்கு என்றா இருக்குது? ஆறு வருசமா அவன் ரத்தத்துலதான சோறு தின்னோம். குடு அம்மிணி காகிதத்த” என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அவன் இனி வண்டியில் ஏறப்போவதில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போட்டுவிட்டுப் பேனாவை மூடி அடுத்தவனிடம் நீட்டினான்.

பேனா கை மாறியது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. கார்வேந்தனிடம் வந்து நின்றுவிட்டது. முப்பது வயது, போன வருடம்தான் கல்யாணமானவன்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு இதத் தவுத்து ஒரு வேலையும் தெரியாது. ஆறு மாசம் எறங்குனா அந்தச் சீட்டுல வேற ஆள ஒக்கார வெச்சிருவாங்க. அண்ணனுக்கு வேற எப்பிடியாச்சும் பாக்க முடியாதுங்களா? படம் கிடம் எடுத்து…”

“எடுக்கலாம்பா. எங்கன்னு தெரியோணுமல்ல?” என்றாள் கோகிலா. அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஜெகநாதன் எழுந்து வந்தான், தன்னைவிட இருபது வயது சின்னவன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கொட்டகையே பதறிப்போயிற்று.

“ஐயோ அண்ணா! எந்திரிங்க! என்னுங்கண்ணா இது!”

“உசுரு பொழைக்கோணும் கார்வேந்தா. போட்டுக் குடு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும். வேணும்னா என்னச் செருப்பால அடி. கையெழுத்த மட்டும் போட்டுரு.”

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு தடவை கொல்லத்தில் டேங்கர் கவிழ்ந்து, கேஸ் கசிந்து, சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஓடியபோது, தனி ஆளாகப் போய் வால்வை அடைத்துவிட்டு வந்த மனுஷன் இவன். தன் உயிருக்கு இப்படிப் பயப்படுவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் கேவலமாகவும் இருந்தது. கேவலம் என்று நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பும் வந்தது. கார்வேந்தன் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டான்.

அன்று மாலையே இரண்டு பேரும் தகுதி மையத்துக்குப் போனார்கள். பதின்மூன்றாவது கையெழுத்தை ஜெகநாதன் டாக்டரின் கண் முன்னால் போட்டான். தன் ஃபைலில் இருப்பதும் தன் ரத்தமில்லை என்று அவன் ஏன் எழுதவேண்டும் என்று கோகிலா கேட்கவில்லை. பதின்மூன்று என்றால் பதின்மூன்று, பொட்டி கேட்கிறது, கொடுக்கிறோம் என்று இருந்துவிட்டாள். சீட்டு அடுக்கிப் பழகியவளின் புத்தி அது.

டாக்டர் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொட்டிக்குக் காட்டினார். திரையில் ஏதோ விரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“என்னுங்க டாக்டர்? எங்க இருக்குதாம்?”

பிலோமினா அவளைப் பார்த்தார். ஜெகநாதனைப் பார்த்தார். “ஓவரில” என்றார்.

“எங்கயுங்க?”

“ஓவரில. சினைப்பையில, இடது பக்கம்.” அவர் குரலே அவருக்கு நம்பிக்கையில்லாமல் வந்தது. “இது பொம்பளை உடம்பு. நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல. மாதவிலக்கு நிக்கப்போற நேரம்னு சொல்லுது. பதிமூணு டிரைவரோட ஃபைல்ல, நாலு வருஷமா, ஒரு பொம்பளையோட ரத்தம் இருக்கு.”

கோகிலாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பூபதிக்கு ஓவரியா? சாதிக்குக்கு ஓவரியா? பொட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான், மாமா பிழைத்தான்! திரும்பி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “மாமா, கேட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணுமில்ல! யாரோ பொம்பளையாம்!”

ஜெகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, உங்களத்தான்.”

அவன் நிமிரவில்லை. காதோரத்தில் வியர்வை இறங்கி ஓடியது. கோகிலாவின் கை அவன் தோளிலிருந்து தானாக விழுந்தது.

“யாரு ரத்தம் மாமா அது?”

“மூணாவது வருசம் எனக்குச் சுகர் வந்துருச்சு கோகிலா.” அவன் தரையிடமே பேசினான். “வீட்டு மெசின்ல பாத்தேன். முந்நூத்தி இருவது. பன்னண்டு பேரு என்னய நம்பி வண்டில ஏறிட்டாங்க. தங்க ரத்தம், தங்க ரத்தம்னு கூப்புடறாங்க. அவங்ககிட்டப் போயி எனக்கும் சுகர்னு என்னன்னு சொல்றது? மாத்தரயக்கூட உம் பேர்லதான் வாங்கித் தின்னுட்டு இருக்கறேன்.”

“யாரு ரத்தம்னு கேட்டேன்.”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உனக்குச் சுகர் பாப்பேன்ல.”

அவளுக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டீ. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “காட்டு கைய, உனக்கு எதும் வந்துறக் கூடாது” என்று விரலைப் பிடித்துக் குத்துவான். சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சுவான், மெஷினுக்கு என்பான். பஞ்சை வைத்து அழுத்தி, வலிக்குதா என்று கேட்பான். “நூத்திப் பத்து. நீ ராணி” என்பான். அக்கா தங்கைகளிடம் எல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறாள். எம் மாமா மாதிரி உண்டா, வாரா வாரம் எனக்குச் சுகர் பார்க்கிற புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று. நான்கு வருடம். இருநூற்று எட்டு ஞாயிற்றுக்கிழமை. அந்த ரத்தத்தைத்தான் அவன் அட்டையில் வைத்துக் கொடுத்தான், அதன்மேல்தான் அவள் பூபதி, சாதிக், கார்வேந்தன் என்று பெயர் எழுதினாள்.

அப்படியென்றால் கட்டி?

ஒரு வருடமாக வயிறு உப்பியபடி இருக்கிறது. ஒரு தோசைக்கு மேல் இறங்குவதில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து வாயு பிடித்துவிட்டதென்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“நேத்து நான் வந்து சொன்னப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே கஞ்சி வெச்சுக் குடுக்க விட்டீங்களா? உங்களுக்குச் சாவு வருதுன்னு நான் அழுதனே, பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

“சொல்லோணும்னுதான் வாயத் தொறந்தேன். வரல கோகிலா. முதல்ல கையெழுத்து வாங்கிப்போடலாம், பூட்டுத் தொறக்கட்டும்னுதான் ஓடுனேன். நாயாட்டம் ஓடுனேன்.” அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான். “உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போவேன்?”

கார்வேந்தன் காலில் அவன் விழுந்தது யாருக்காக என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்காக அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. கன்னம் கன்னமாக அறையவேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் ஒன்றையும் செய்ய முடியாமல் மரமாக நின்றாள்.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே மாமா. உங்களுக்கு இல்லாத ரத்தமா?”

“கேட்டா எனக்குச் சுகர்னு உனக்குத் தெரிஞ்சிரும்ல.”

அடப்பாவி மனுஷா! இதற்காகவா?

டாக்டர் எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். “கோகிலா, இங்க பாருங்க. கட்டி சின்னதுதான். இன்னும் வெளிய பரவலைன்னு பொட்டி சொல்லுது. இந்த வாரமே எடுத்துட்டா நீங்க நல்லா இருப்பீங்க. இந்தச் சனியன் வயித்துக்குள்ள சத்தமில்லாம வளரும். வலி வந்து, போய்ப் பாத்தா எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. டிரைவர் உடம்புன்னா மூணு மாசத்துக்கு ஒருதடவை பாக்கறோம். டேங்கர் கவுந்தா ஊருக்கு ஆபத்தாச்சே. வீட்டுல இருக்கிற பொம்பளைக்கு எந்த ஊர்ல யாரு பாக்கறாங்க? இந்த மாவட்டத்துலயே நாலு வருஷம் வாரா வாரம் ரத்தம் படிக்கப்பட்ட ஒரே பொம்பளை நீங்கதான்.”

திருடியது இவன், பிழைத்தது நான், சீட்டை இழந்தது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பன்னிரண்டு பேர். இந்தக் கணக்கு எந்த ஃபைலில் அடங்கும்? எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

டாக்டர் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். “இந்த ரத்தம் உங்களதுன்னு பொட்டில ஏத்தணும். கீழ ஒரு கேள்வி இருக்கு. நீங்களே படிச்சு நீங்களே எழுதணும். நான் எதும் சொல்லக்கூடாது.”

கோகிலா படித்தாள். ‘மேற்கண்ட ரத்தம் உங்களுக்குத் தெரிந்து எடுக்கப்பட்டதா? ஆம் / இல்லை.’ அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தாள். அவளைப்போல் பொடி எழுத்துப் படிக்க ஆள் கிடையாது. ஆம் என்றால் அவளும் கூட்டுக் களவாணி. விசாரணை முடிய மூன்று மாதம் ஆகும், அதுவரை இந்தப் பக்கங்கள் திரும்பவும் பூட்டிக்கொள்ளும். இல்லை என்றால் இன்றைக்கே எல்லாம் அவள் பெயருக்கு வந்துவிடும், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடலாம். எடுத்தவன் மேல் வழக்கு. அவனுடைய ஓட்டுநர் உரிமம் ஆயுளுக்கும் ரத்து.

இருபத்தாறு வருடமாக அவன் வண்டி ஓட்டுகிறான். அவனுக்கும் வேறு வேலை தெரியாது.

பதினோரு வருடமாக இப்படி எத்தனை கேள்வி! மயக்கம் வந்ததுண்டா, இல்லை. மாத்திரை உண்டா, இல்லை. கண் மங்குமா, இல்லை. அவள் பேனா ஒருபோதும் நின்றதில்லை. இன்று நின்றது.

ஜெகநாதன் எட்டிப் பார்த்தான். அவனும் பொடி எழுத்தைப் படித்திருக்கவேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இல்லன்னு போடு அம்மிணி. கேசு வந்தா வரட்டும். நான் பாத்துக்கறேன். யோசிக்காத, இல்லன்னே போடு.”

கோகிலா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

“நீங்க சொல்றீங்கன்னு போடல. என்னயக் கேக்காம எடுத்தீங்க. அதனால போடறேன்.”

‘இல்லை’யைச் சுற்றி வட்டம் போட்டாள். கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள். டாக்டர் தாளை வாங்கிக்கொண்டு, புது அட்டை ஒன்றை உறையிலிருந்து எடுத்தார். “உங்க ரத்தம்தானான்னு ஒத்துப் பாக்க ஒரே ஒரு சொட்டு வேணும்” என்று ஊசியையும் வைத்தார்.

கோகிலா இடது கையை மேசைமேல் நீட்டினாள். ஜெகநாதன் பழக்க தோஷத்தில் குனிந்து அவள் மோதிர விரலைப் பிடித்தான். மெதுவாக, வலிக்காதபடிதான் பிடித்தான்.

அவள் விரலை உருவிக்கொண்டாள்.

“விடுங்க. நானே குத்திக்கறேன்.”